பாட்டு ரெடி, யாரிடம் கொடுப்பது?

மாஸ்டரிங் முடிந்து பாட்டு கையில் கிடைத்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, ரெண்டு லட்சம் ஃபாலோயர் உள்ள ஒரு ஆளைத் தெரியும். அவரு ஒரு ரீல் போட்டா போதும்லா?”

போதாது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். கொயர் பாட்டு, கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு, கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப் பாட்டு என்று ஓடுகிற கடை. சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரெக்கார்ட் செய்ய வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பின்னால் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. ஆகவே பாட்டை வெளியே கொண்டுபோக இன்ஃப்ளூயன்சர்களைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் யார் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பது ஒரு கேள்வி. யார் போட்டால் அடுத்தவர்கள் அந்தப் பாட்டை எடுத்துத் தங்கள் வீடியோவுக்குப் போடுவார்கள் என்பது வேறு கேள்வி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

ஆளைப் பார்க்கும் முன் ஆடியோவைப் பாருங்கள்

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் சமீபத்தில் போட்ட ரீல்களை வரிசையாகத் திறப்பேன். கீழே ஓடுகிற ஆடியோ பெயரைத் தொட்டால், அதே ஆடியோவை வைத்து வேறு யாரெல்லாம் ரீல் போட்டிருக்கிறார்கள் என்ற பக்கம் வரும். சினிமாப் பாட்டை வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஊரே போட்டிருக்கும். அவ்வளவாகப் பிரபலமாகாத ஒரு பாட்டை எப்போதாவது போட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் போட்ட தேதிக்குப் பிறகு நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது அதே ஆடியோவை எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் அந்த ஆள் உங்களுக்கு வேண்டியவர், ஃபாலோயர் எட்டாயிரமே இருந்தாலும்.

அடுத்தது கமெண்ட். நெருப்புப் படம், இதயப் படம், ‘சூப்பர் ப்ரோ’ எல்லாம் கணக்கில் சேராது. ‘என்ன பாட்டு இது?’ என்று கேட்டிருக்கிறார்களா, அதற்கு இவர் பதில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சாப்பாட்டுப் பக்கங்களை நான் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ஃபாலோயர் குவிந்து கிடக்கும். ஆனால் கொத்துப் புரோட்டா சத்தத்துக்கு அடியில் உங்கள் பாட்டு ஓடினால், கமெண்டில் எல்லோரும் ‘கடை எங்கே அண்ணா?’ என்றுதான் கேட்பார்கள்.

பேச்சு ஒத்துவந்தால், அவர்களுடைய இன்சைட்ஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லலாம். பார்க்கிறவர்கள் எந்த ஊர், எந்த வயது என்று அதில் இருக்கும். ஊர்களில் நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் வந்தால் நல்லது. துபாயும் மஸ்கட்டும் வந்தால் அதைவிட நல்லது. நம்ம மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு ஏது? ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் அவர்கள் இரண்டு தடவை கேட்பார்கள், குடும்ப குரூப்பிலும் தட்டிவிடுவார்கள். பாட்டுச் செயலிகளின் மாதச் சந்தா அங்கே கூடுதல் என்பதால் ஒரு ஸ்ட்ரீமுக்கு வருகிற காசும் பொதுவாகக் கூடுதல். இன்சைட்ஸ் காட்ட ஒருவர் மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு என்ன வேலைக்கு உதவும்

‘என் பாட்டைக் கேளுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் நேரமில்லை. அவர்கள் செய்கிற வேலைக்கு உங்கள் பாட்டு உதவுமா என்று யோசித்துக்கொண்டு போங்கள்.

சுற்றுலாப் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். மாத்தூரில் 115 அடி உயரத் தொட்டிப்பாலத்தின் அடியிலிருந்து ட்ரோன் மேலே எழும்புகிறது. அல்லது விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள். அந்த ஷாட்டுக்கு அவர்களுக்கு வேண்டியது உங்கள் நான்கு நிமிடப் பாட்டல்ல. எட்டு விநாடி மெதுவாக ஏறி, அப்புறம் தாளம் விழுந்து, பத்துப் பன்னிரண்டு விநாடி ஓடுகிற ஒரு துண்டு. அதை நீங்களே வெட்டி, குரலோடு ஒன்றும் குரலில்லாமல் ஒன்றுமாகக் கொடுங்கள். முழுப் பாட்டைக் கேட்டு நல்ல இடத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கல்யாண வீடியோ எடுப்பவர்களை யாரும் இன்ஃப்ளூயன்சர் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் இடம் அவர்களுக்குத்தான். ஹைலைட் வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபிலோ ஃபேஸ்புக்கிலோ ஏற்றினால் சத்தம் போய்விடலாம், இல்லையென்றால் வீடியோவே முடங்கிவிடலாம். மாப்பிள்ளை வீட்டில் போன் போட்டுத் திட்டுவார்கள். அந்தத் தலைவலி இல்லாத ஒரு காதல் பாட்டு கிடைத்தால் விட மாட்டார்கள். உங்கள் பாட்டு முழுக்க உங்களுடையது என்றால், ‘உங்கள் கல்யாண ஹைலைட் வீடியோக்களில் இந்தப் பாட்டைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், விளம்பரப் படத்துக்கு மட்டும் தனியாகக் கேட்க வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு ஸ்டுடியோ அந்தப் பாட்டை எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று பாருங்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் அதைத் தங்கள் பக்கத்தில் போடுவார்கள், சொந்தபந்தம் எல்லாம் பார்க்கும்.

பாட்டுத் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பது வேறு. கீபோர்டு வாசித்துக் காட்டுகிறவர்கள், கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவர்கள், கவர் பாடுகிறவர்கள், பாட்டைக் கேட்டு ரியாக்‌ஷன் போடுகிறவர்கள் எல்லோருக்கும் குரலில்லாத மைனஸ் டிராக், கார்டு (சுரக்கூட்டு) எழுதிய தாள், ஸ்கேல் என்ன என்ற விவரம் வேண்டும். ரியாக்‌ஷன் சேனல்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதையும் வேண்டும்: பாட்டில் எந்த இடத்தில் நிறுத்தி அவர் பேச முடியும்? முப்பதாவது விநாடியில் சிங்காரி மேளம் நுழைகிறது, அது கம்ப்யூட்டரில் அடித்ததல்ல, பக்கத்து ஊர்க் குழுவை வரவழைத்து நேரடியாக எடுத்தது என்று சொல்லிவிட்டால் அவருக்கு இரண்டு நிமிடப் பேச்சு கிடைத்துவிட்டது.

டான்ஸ் மாஸ்டர்களையும் விடாதீர்கள். கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுக்கிற ஒரு மாஸ்டர் உங்கள் பாட்டை எடுத்தால், ஆடுகிற இருபது பிள்ளைகளும் அதை ரீலாகப் போடுவார்கள்.

அப்புறம் மைக்செட்காரர். சிரிக்க வேண்டாம். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சாயங்காலம் என்ன பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். மினிபஸ் டிரைவர்களும் அப்படித்தான். இவர்களுக்கு லிங்க் அனுப்பினால் வேலைக்காகாது. பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுங்கள், கூட நின்று ஒரு டீ குடியுங்கள். “பாட்டு கொள்ளாம் மக்கா” என்று அவர் வாயிலிருந்து வந்தால் அது நாலு திருவிழாவுக்கு ஓடும்.

அனுப்பும் மெசேஜ்

எனக்கே தினமும் வருகிற மாதிரி: ‘ஹாய் சார் நியூ சாங் ரிலீஸ் ப்ளீஸ் சப்போர்ட்’, கீழே ஒரு லிங்க். இதற்கு யார் பதில் போடுவார்கள்? என்னிடம் ரெக்கார்ட் செய்த கொல்லங்கோட்டுத் தம்பி ஒருவனுக்கு நாங்கள் உட்கார்ந்து எழுதிய மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“அண்ணா, வணக்கம். கொல்லங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் நீங்க எடுத்த மழை வீடியோவில் அலை பாறையில் அடிக்கிற இடத்தில் மியூசிக்கை நிறுத்திக் கடல் சத்தத்தை மட்டும் விட்டிருந்தீங்க. ரொம்பப் பிடிச்சுது. கடலுக்குப் போன அப்பாவைக் காத்திருக்கிற ஒரு பாட்டு பண்ணியிருக்கேன், அடுத்த வெள்ளிக்கிழமை வருது. மழை ஷாட்டுக்குப் பொருந்துற மாதிரி 20 விநாடித் துண்டு ஒண்ணு தனியா வெட்டி வச்சிருக்கேன், குரல் இல்லாமலும் இருக்கு. கேட்டுப் பார்த்துப் பிடிச்சா மட்டும் பயன்படுத்துங்க. காப்பிரைட் பிரச்சினை வராம நான் பார்த்துக்கிறேன்.”

இதில் கவனிக்க வேண்டியது அந்த மழை வீடியோவைப் பற்றிய வரி. அந்த வீடியோவை உண்மையாகவே பார்த்தவன்தான் கடல் சத்தத்தைப் பற்றி எழுத முடியும். ஒரே மெசேஜை ஐம்பது பேருக்கு ஒட்டி அனுப்புவதைவிட ஐந்து பேருக்கு இப்படி எழுதுவது மேல். வயதில் இளையவர்களாக இருந்தாலும் முதல் மெசேஜில் ‘ப்ரோ’, ‘டே’ எல்லாம் வேண்டாம். பெண்கள் நடத்துகிற பக்கம் என்றால் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் தட்டாதீர்கள். இதைச் சொல்லவே தேவையில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

லிங்க் கூகிள் டிரைவில் இருக்கட்டும், ஆனால் லிங்க் வைத்திருக்கிற எவரும் திறக்கலாம் என்ற அமைப்பில் இருக்க வேண்டும். ‘அனுமதி கேளுங்கள்’ என்று வந்தால் அவர்கள் கேட்க மாட்டார்கள், மூடிவிட்டுப் போய்விடுவார்கள். வேறொரு போனிலிருந்து நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே முழுப் பாட்டு, வெட்டிய துண்டுகள், அட்டைப்படம், தமிழில் பாட்டு வரிகள், யார் என்ன செய்தார்கள் என்ற ஒரு சின்னத் தாள். ‘ஃபைனல் ஃபைனல் 3’ என்று ஃபைலுக்குப் பெயர் வைக்காமல் பாட்டின் பெயரையும் உங்கள் பெயரையும் வையுங்கள்.

எப்போது

தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு காலண்டர் என்றால் நமக்கு இன்னொன்று. நவம்பர் 24-இல் கோட்டார் சவேரியார் திருவிழாக் கொடி ஏறி டிசம்பர் 3 வரை போகும், அப்புறம் கிறிஸ்துமஸ் வரை கேரல்தான். அந்த நாட்களில் உங்கள் காதல் தோல்விப் பாட்டுக்குக் காது கிடைக்காது, எனக்கு மிக்ஸ் பண்ண நேரமும் கிடைக்காது. கேரல் பாட்டாக இருந்தால் நவம்பர் முதல் வாரத்துக்குள் கொயர்களின் கையில் இருக்க வேண்டும், அவர்கள் பிராக்டீஸ் ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜூன் தொடங்கினால் மழை. திற்பரப்பு அருவியில் தண்ணீர் கொட்டும், சுற்றுலாப் பக்கங்கள் புதுப் பாட்டு தேடும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்கு மாதக்கணக்கில் போகிறவர்கள் அப்போது கரையில் இருப்பார்கள். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கொல்லங்கோட்டுத் தம்பியின் பாட்டை ஜூனில் விட்டதற்கு மேற்குக் கடற்கரைத் தடைதான் காரணம். கடல்காரர்களே கையில் போனோடு வீட்டில் இருக்கிறபோது கடல் பாட்டை விடாமல் வேறு எப்போது விடுவது?

வெளியிடும் நாளுக்கு நான்கு வாரத்துக்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் (பாட்டை எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பித் தருகிற சேவை) ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலிருந்து அவர்களுடைய எடிட்டர்களுக்கு நீங்களே பாட்டை அனுப்பலாம், காசு கிடையாது. வெளியாகாத பாட்டாக இருக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால், எடிட்டர் கண்டுகொள்ளாவிட்டாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் பாட்டு போய் விழும். வெளியீடு வெள்ளிக்கிழமை. ஆனால் இன்ஃப்ளூயன்சர்களை வெள்ளியன்று போடச் சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் செவ்வாய் புதன் என்று சொல்லுங்கள். இன்ஸ்டாகிராம் ஆடியோ பட்டியலில் பாட்டு வந்து சேர சில சமயம் நாளாகும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு அடி விழுகிறது. பாட்டு பட்டியலில் வருவதற்குள் ஒருவர் அவசரப்பட்டு நீங்கள் கொடுத்த துண்டை எடிட்டிங்கில் சேர்த்து ஏற்றிவிட்டால், அது அவர் பெயரில் ‘ஒரிஜினல் ஆடியோ’ ஆகிவிடும். பிடித்துப்போய் மற்றவர்கள் எடுத்துப் போடுவதெல்லாம் அவர் கணக்கில் சேரும், உங்கள் பாட்டின் பக்கத்தில் சேராது. அதனால் பாட்டு பட்டியலில் வந்ததும் நீங்களே தேடிப் பார்த்து, அந்த ஆடியோ லிங்க்கை அவர்களுக்கு அனுப்பி, இதிலிருந்து எடுங்கள் என்று சொல்லுங்கள். பாட்டுப் பெயருக்கும் உங்கள் பெயருக்கும் ஆங்கில எழுத்தில் ஒரே ஸ்பெல்லிங்கை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது தேடுகிறவர்களுக்கு உதவும். கடைகளின் பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாட்டையும் தருவதில்லை, அவர்களால் எடுக்க முடியவில்லை என்றால் குழம்ப வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் டிக்டாக்கில் பாட்டு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்று கேட்கும். 2020-லேயே இங்கே தடை செய்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். வளைகுடாவில் ஓடுகிறது.

யூடியூபில் இன்னொரு சிக்கல். ஒரு பெண் தன் பாட்டுக்கு கன்டென்ட் ஐடியை (யாருடைய வீடியோவில் பாட்டு வந்தாலும் தானாகக் கண்டுபிடித்து உரிமைகோருகிற வசதி) ஆன் செய்து வைத்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் ஒரு பயண யூடியூபர் அந்தப் பாட்டைத் தன் வீடியோவில் போட்டார். இரண்டு நாளில் அந்த வீடியோவின் வருமானத்துக்கு உரிமைகோரல் போய் விழுந்தது. “உதவி செஞ்சதுக்கு இதா கூலி?” என்று அவர் கேட்டதில் தப்பில்லை. கன்டென்ட் ஐடி வேண்டும் என்றால், யாருக்குப் பாட்டைக் கொடுக்கிறீர்களோ அவர்களுடைய சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஆன்லைனில் பீட் (பாடுவதற்குத் தயாராக விற்கிற பின்னணி இசை) வாங்கி அதன் மேல் பாடியதாக இருந்தால் கன்டென்ட் ஐடி பக்கமே போகாதீர்கள். அதே பீட்டை இன்னும் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள்.

காசு விஷயம்

இன்ஃப்ளூயன்சர் ரேட் என்பது தோவாளை மார்க்கெட் பிச்சிப்பூ விலை மாதிரி, முகூர்த்தம் வந்தால் ஏறும். ஆகவே இவ்வளவுதான் என்று ஒரு தொகை சொல்ல முடியாது. பேசும்போது தொகையைவிட மற்ற விவரங்களைப் பேசுங்கள். ரீலா ஸ்டோரியா? ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதற்கு ரீல் காசு கொடுக்காதீர்கள். கொலாப் போஸ்டாக உங்கள் பக்கத்திலும் வருமா? எத்தனை மாதம் அழிக்காமல் வைத்திருப்பார்கள்? பாட்டின் எந்தத் துண்டு? பாதி முன்பணம், மீதி போட்ட பிறகு. எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனில் பேசியதை ஒரு மெசேஜாகத் திருப்பி எழுதி ‘சரிதானே அண்ணா?’ என்று கேட்டால் போதும்.

காசு கொடுத்துப் போட்டால் அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இன்ஃப்ளூயன்சர்களுக்கு இந்த விதியைக் கொண்டுவந்தது. பணம் மட்டுமல்ல, பொருளோ வேறு சலுகையோ கொடுத்தாலும் அதே கணக்குதான். மறைக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள்.

எனக்குப் பிடித்தது பண்டமாற்று. நம்ம ஊர் விலாக்கர்கள் பலர் சேனலின் முதல் ஐந்து விநாடிக்கு எங்கிருந்தோ எடுத்த மியூசிக்கை வைத்துக்கொண்டு எப்போது கிளைம் வருமோ என்று பயந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பெயருக்கு ஒரு சின்ன இன்ட்ரோ மெட்டுப் போட்டுக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு மத்தியான வேலை, அவர்களுக்கு வருஷக்கணக்கில் ஓடும். காசு கொடுத்தவரை மறந்துவிடுகிறவர்கள்கூட இதை மறப்பதில்லை.

‘ஐம்பதாயிரம் ஸ்ட்ரீம் உறுதி’, ‘பிளேலிஸ்ட்டில் இடம் உறுதி’ என்று வருகிற மெசேஜ்களை அழித்துவிடுங்கள். காசுக்குப் பிளேலிஸ்ட் இடத்தை உறுதி தருவது ஸ்பாட்டிஃபை விதிக்கே எதிரானது. பொய் ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் 2024 முதல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறார்கள். அது சுற்றி உங்கள் தலையில்தான் வந்து விடியும், பாட்டையும் தூக்கிவிடுவார்கள்.

போட்ட பிறகு

ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் நாள்வாரியாக எண்ணிக்கை வரும். அந்தத் தேதிகளோடு ஒட்டிப் பார்த்தால் யாரால் ஏறியது என்று ஓரளவு தெரிந்துவிடும். நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ரீம் எண்ணிக்கையை அல்ல, எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்பதை. ஆப்பிள் மியூசிக் ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் ஷசாம் கணக்கும் ஊர்வாரியாக வரும். எங்கேயோ ஓடிய பாட்டைக் கேட்டுவிட்டு ஒருவர் போனை நீட்டி இது என்ன பாட்டு என்று தேடியிருக்கிறார் என்று அர்த்தம். எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டு, அடுத்த மெசேஜ்களை அந்த ஊர்ப் பக்கங்களுக்கு எழுதலாம். ஸ்பாட்டிஃபையில் பாட்டு வரிகள் ஓட வேண்டும் என்றால் மியூசிக்ஸ்மேட்ச் தளத்தில் ஏற்ற வேண்டும், அதையும் பாட்டு வெளியான வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உங்கள் ஆடியோவை எடுத்தவர்கள் பட்டியலைத் தினமும் ஒரு தடவை திறந்து, இருநூறு ஃபாலோயர் உள்ள பிள்ளையாக இருந்தாலும் உங்கள் கணக்கிலிருந்தே கமெண்ட் போடுங்கள், ஸ்டோரியில் பகிருங்கள். பாடியவரே வந்து பேசினால் அந்தப் பிள்ளை தன் தோழிகள் நாலு பேரையும் இழுத்துவரும். பதில் சொல்லாத இன்ஃப்ளூயன்சர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் இந்தப் பாட்டுக்கு அவரை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு எழுதுங்கள். போட்டவர்களுக்கு அடுத்த பாட்டின் ரஃப் மிக்ஸை வெளியீட்டுக்கு முன்பே அனுப்பி, எந்த இடத்தை வெட்டித் தரட்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற இடம் பெரும்பாலும் நீங்கள் நினைத்த இடமாக இருக்காது, அதையே வெட்டிக் கொடுங்கள்.